வண்டியோடு வருகிறேன் என்றவன்

முதலில் கெடுத்தவன் துளசிங்கம்தான். அதில் ஏகாம்பரத்துக்கு இன்றுவரை ஒரு சந்தேகமும் கிடையாது. அவனுக்குப் பிறகு எத்தனையோ பேர் கெடுத்தார்கள். சினிமா யூனிட் முதலாளி கெடுத்தார், முட்டிக்குக் கட்டுப் போட்டவன் கோணலாகப் போட்டுக் கெடுத்தான், பெண் கொடுப்பதாகச் சொன்ன மாமன் கடைசி நேரத்தில் கையை விரித்தான். ஆனால் அவர்கள் எல்லோரும் வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள், முன்னால் நிற்பவன் நகர்ந்தால்தான் அவர்களைக் கவனிக்க முடியும். முன்னால் நிற்பவன் முப்பத்தாறு வருஷமாக நகரவில்லை. அதனால்தான் இந்த மேட்னி. அதனால்தான் பெரம்பூரில் இந்தத் தியேட்டரில், சினிமாவே வேண்டாம் என்று இருந்த மனுஷன், டிக்கெட் கொடுக்கிற ஆளிடம் கேட்டு வாங்கிய ஓரத்து சீட்டில் இடது காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஓரத்து சீட் எதற்கென்றால் ஒன்று முட்டி மடங்காது, இன்னொன்று எழுந்தால் நேராக நடந்து திரைக்கு முன்னால் போய் நிற்கலாம். படம் முடிந்ததும் படக்காரர்கள் மேடைக்கு வந்து ஜனங்களைப் பார்ப்பார்களாம், வாசலில் ஒட்டியிருக்கிற பேப்பரில் போட்டிருந்தது, மகள் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். நடித்தவர்கள், எடுத்தவர், அப்புறம் கதை எழுதிய துளசிங்கம். கதை எழுதினானாம். ஏகாம்பரம் உதட்டை அசைக்காமல் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். துளசிங்கம், நான் ஏகாம்பரம், மதகுக்கு அடியில நீ உட்கார வெச்சிட்டுப் போன ஏகாம்பரம், ஏன் திரும்பி வரலைன்னு இத்தனை பேர் முன்னால சொல்லு. நீளமாக இருக்கிறது. நடுவில் குரல் உடைந்துவிட்டால் கேவலம். காலையில் சட்டையைத் தேய்த்துக் கொடுக்கும்போது மனைவி கஸ்தூரி சொன்னாள், முப்பத்தாறு வருஷமா ஒரே ஆளை மனசுல வெச்சிருக்கீங்க, என்னைக்கூட அப்படி வெச்சதில்ல. அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சட்டையைக் கொடுத்தபோது சிரிப்பு இல்லை. கேட்டுட்டு வந்துடுங்க, ஆனா இன்னியோட முடிச்சுடுங்க என்றாள். முடிப்பது என் கையிலா இருக்கிறது, அவன் வாயில் அல்லவா இருக்கிறது.

விளக்கு அணைந்த பிறகு இரண்டு பெண்கள் அவர் நீட்டிய காலைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனார்கள். ஒருத்தி காக்கிச் சட்டையைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள், ஆட்டோ ஓட்டுகிறவள். இன்னொருத்தி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உட்காரும் முன்பே பஃப்ஸ் பொட்டலத்தைப் பிரித்தாள். கால்ல மிதிச்சுட்டனா ஐயா என்றாள் ஆட்டோக்காரி. இல்லம்மா, அது ஏற்கெனவே மிதிபட்ட கால் என்று வாயில் வந்ததை ஏகாம்பரம் விழுங்கிக்கொண்டு, பரவால்ல என்றார். தவா, நீ மிதிச்சா சொல்லக்கூட உசிரு இருக்காது என்றாள் மற்றவள். நீ வாய மூடு நசீரா, ஒனக்காக சவாரிய விட்டுட்டு வந்திருக்கேன் என்றாள் இவள். ரெண்டு பேரும் நாற்பதைத் தாண்டியவர்கள், பள்ளிக்கூடத்தை ஏமாற்றிவிட்டு வந்தது மாதிரி முகம். படம் ஆரம்பித்தது. பேர்கள் எல்லாம் ஓடின, இங்கிலீஷில் ஓடின, ஏகாம்பரத்துக்கு மூன்றாங்கிளாஸ் தமிழே நின்று நிதானித்துத்தான் வரும், ஓடுகிற எழுத்தை அவரால் பிடிக்க முடியாது. அவர் முழுதாகப் படித்தது திரையின் கீழ்மூலையில் அசையாமல் நின்ற எழுத்து ஒன்றைத்தான், போதைப் பொருள் உடலுக்குக் கேடு. படத்தில் வருகிற ரெண்டு பயல்களும் முதல் காட்சியிலேயே கஞ்சா சுருட்ட ஆரம்பித்துவிட்டதால் அந்த எழுத்து போகவே இல்லை, வீட்டுக்குக் குடிவந்த மாதிரி மூலையிலேயே தங்கிவிட்டது. ஒருத்தன் ஒல்லி. ஒருத்தன் தாடி. ஒல்லிதான் துளசிங்கம், பார்த்ததுமே தெரிந்தது, அந்தக் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு பேசுவது அவனுடையது. அப்படியென்றால் தாடி? தாடிக்காரன் வாயைப் பிளந்துகொண்டு ஒரு தெருநாயிடம் வழி கேட்டுக்கொண்டிருந்தான். தியேட்டர் சிரித்தது. நான் தாடி வைத்ததே இல்லையே என்று ஏகாம்பரம் நினைத்தார். சிரிப்பதில்லை என்று வரும்போதே தீர்மானம் பண்ணிக்கொண்டு வந்திருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டார். பல் இருக்கிற பக்கம்.

புகை திரை முழுக்கப் பரவியது, அது வெறும் வெளிச்சம்தான், வெள்ளைத் துணியில் விழுகிற வெளிச்சம், லைட்டோடு பிழைத்தவனுக்கு அது தெரியாதா, ஆனாலும் மூக்குக்குள் எரிந்த பச்சிலை வாசனை வந்துவிட்டது. ஜெயிலிலிருந்து வந்த பிறகு அவர் தொட்டதில்லை. அதற்கு முன்னால் தொடாத நாளில்லை. ஜெனரேட்டர் வண்டிக்கு அவர் டிரைவர், துளசிங்கம் லைட்மேன், ஒரே பாயில் படுத்து, ஒரே டம்ளரில் டீ குடித்து, வெளியூர் படப்பிடிப்பு என்றால் வண்டிக்குப் பின்னால் நிழல் பார்த்து உட்கார்ந்து ஆளுக்கு நாலு இழுப்பு. நாலு இழுப்புக்குப் பிறகு நேரம் என்பது ஜவ்வு மிட்டாய் மாதிரி நீளும். ஒரு பீடியைப் பற்றவைக்க ஒரு மத்தியானம் ஆகும். கோபம் வரும், வந்து எதற்கு வந்தோம் என்று மறந்து திரும்பிப் போய்விடும். அதைத்தான் இந்தப் படத்தில் எடுத்திருக்கிறார்கள், சரியாகவும் எடுத்திருக்கிறார்கள், அதுதான் எரிச்சல். இதோ ரெண்டு பயல்களும் தண்டவாளத்தில் உட்கார்ந்து ஒரு பன்னை நூல் வைத்து அறுக்கிறார்கள், யார் பாதி பெரியது என்று சண்டை, சுற்றிலும் அடியாட்கள் கத்தியோடு வந்து நிற்கிறார்கள், இவர்கள் கவனிக்கவில்லை, கடைசியில் கத்தி வைத்திருப்பவனையே கூப்பிட்டு நீங்க நடுவுல நின்னு சொல்லுங்கண்ணே, எது பெருசு என்கிறார்கள், அவனும் குனிந்து பார்க்கிறான், பார்த்துவிட்டு இது பெருசு மாதிரிதான் இருக்கு என்கிறான், பக்கத்து அடியாள் இல்லை அதுதான் பெருசு என்கிறான், அடியாட்களுக்குள் சண்டை மூண்டுவிட்டது. நசீரா சிரித்துச் சிரித்து பஃப்ஸ் தூள் அவர் முட்டிமேல் விழுந்தது. அந்த நூல் என்னுடையது. வண்டி சீட் கிழிந்தால் தைக்க வைத்திருந்த நூல், அதில்தான் ஆம்பூருக்கு அந்தப் பக்கம் ஒரு டீக்கடை வாசலில் பன்னை அறுத்தோம், எது பெரியது என்று சாயங்காலம் வரை பேசினோம், கடைசியில் ரெண்டு பாதியையும் காக்காய் கொண்டுபோய்விட்டது. அதைக் காணோமே படத்தில். காக்காயை விட்டுவிட்டான். வந்த சிரிப்பை இருமலாக்கி வெளியே விட்டார். அவன் மேல் இருக்கிற கோபம் தண்ணீர் பட்ட சுண்ணாம்பு மாதிரி இளகுகிறதோ என்று பயம் வந்தது, இதற்குத்தான் வந்தாயா ஏகாம்பரம், பன்னுக்கா வந்தாய். நிமிர்ந்து உட்கார்ந்தார். முட்டி ஒரு சுண்டு சுண்டியது. அந்த வலி நல்லது, அது எதையும் மறப்பதில்லை.

அப்புறம் அது வந்தது. வரும் என்று தெரியும், முப்பத்தாறு வருஷத்துக்கு முந்தைய அந்த நாள். திருப்பத்தூர் தாண்டி மலையடிவாரத்தில் அன்றைக்கு சண்டைக் காட்சி எடுப்பதாக இருந்தது. இருட்டுவதற்குள் போய் லைட்டைக் கட்டி வையுங்கள் என்று மேனேஜர் ரெண்டு பேரையும் முன்னால் அனுப்பினார். புளியமரம் ஒன்றைக் கண்டதும் நிறுத்தினார்கள், ஆளுக்கு நாலு இழுப்புக்குப் பதில் எட்டு, பாதை ரெண்டாகப் பிரிகிற இடத்தில் துளசிங்கம் கையைக் காட்டினான், அவர் திருப்பினார். அப்படித் திரும்பாமல் இருந்திருந்தால் என்று நினைப்பதை எப்போதோ விட்டாயிற்று. மரங்களுக்கு நடுவில் ஒரு வெட்டவெளி, அங்கே எட்டுப் பேர், லுங்கியை மடித்துக் கட்டி, தலையில் துண்டு, கையில் கோடாலி. ஃபைட்டர்கள் சீக்கிரமே வந்துட்டாங்கடா, பொறுப்பான ஆளுங்க என்றான் துளசிங்கம். மேக்கப் சுமார்தான், மீசைய சரியா ஒட்டல. ரெண்டு பேரும் வண்டியைவிட்டு இறங்கி வணக்கம் வைத்துவிட்டு கேபிளை இழுத்தார்கள், ஸ்டாண்டை நட்டார்கள். அந்த எட்டுப் பேரும் அசையாமல் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கோடாலியோடு நிற்கிற இடத்துக்கு வந்து பயமில்லாமல் வணக்கம் சொல்லி கம்பி இழுக்கிறவன் சர்க்கார் ஆளா, தங்கள் முதலாளி அனுப்பிய ஆளா என்று அவர்களுக்குப் புரியவில்லை, பாவம். ஏகாம்பரம் ஜெனரேட்டரைக் கிளப்பி பெரிய லைட்டைப் போட்டார். காடு பகலானது. எட்டுப் பேர், பின்னால் அடுக்கி வைத்த கட்டைகள். நடுவில் நின்றவன் முகத்தில் பாதி இருட்டு. ஏகாம்பரம்தான் சொன்னார், அவர் வாயால், அவர் குரலில், அண்ணே, மூஞ்சியக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க, நிழல் விழுது. அவன் திருப்பினான். அதுதான் அதிசயம், திருப்பிவிட்டு நன்றாக நின்றான். துளசிங்கம் கட்டைகளைப் பார்த்து, ஆர்ட் டிபார்ட்மென்ட் கலக்கிட்டாங்க மச்சான், சந்தன வாசனைகூட வருது என்றான். சொல்லிவிட்டு ரெண்டு பேரும் மூச்சை இழுத்தார்கள். இன்னொரு தடவை இழுத்தார்கள். அந்த ரெண்டாவது மூச்சுக்கும் ஓட ஆரம்பித்ததற்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருந்தது என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. திரையில் எல்லாம் அப்படியே வந்தது, காடு, கட்டை, வெளிச்சம். தாடிக்காரன் வாயைப் பிளந்துகொண்டு கேபிளில் தடுக்கி விழுந்தான். ஒல்லிதான் முன்னால் வந்தான். ஒல்லிதான் சொன்னான், அண்ணே, மூஞ்சியக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க, நிழல் விழுது. தியேட்டர் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது, விசில், யாரோ ஒருத்தன் எழுந்து நின்று கைதட்டினான், அது என்னுடையதடா, அது நான் சொன்னது, அதை நான் சொன்னபோது நீ ஸ்டாண்டுக்கு ஆணி தேடிக்கொண்டிருந்தாய். முந்நூறு பேர் சிரிக்கிறார்கள். ஏகாம்பரத்தின் காது சூடானது. அவமானமா பெருமையா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. முந்நூறு பேரைச் சிரிக்கவைத்தது நான்தான், ஒருத்தனுக்கும் தெரியாது.

இடைவேளையில் அவர் எழுந்திருக்கவில்லை, எழுந்தால் முட்டி மறுபடி உட்கார விடாது. ஆட்டோக்காரி தவமணி டீ வாங்கிவந்து ஒன்றை அவரிடம் நீட்டினாள். தனியாவா வந்தீங்க ஐயா, இந்த மாதிரி படத்துக்கு? ஏன், எனக்கு வரக்கூடாதா என்றார். அய்ய, வரலாம், எங்கப்பன் வந்தா செருப்பக் கழட்டி ஸ்கிரீன்ல எறிவான், அதான் கேட்டேன் என்றாள். ஏகாம்பரம் டீயை ஊதினார். ஒங்களுக்கு இதுல இன்னாம்மா புடிச்சிருக்கு, ரெண்டு உருப்படாத பசங்க, கஞ்சா குடிச்சிட்டு ஓடறானுங்க. நசீரா உடனே சொன்னாள், மத்த படத்துல ஹீரோ அம்பது பேர அடிப்பான், நமக்கு இன்னா வந்துச்சு, அவன் அடிச்சுட்டுப் போயிடுவான். இவனுங்களுக்கு ஒரு கொசுவ அடிக்கத் தெரியாது. ஆனா ஒருத்தன ஒருத்தன் உட்டுட்டுப் போமாட்டானுங்க, அதாங்க ஐயா சண்டையே. சொல்றதப் பாரு, போன வாரம் போலீஸ் என்னைப் புடிச்சப்ப ஆட்டோலேர்ந்து எறங்கி ஓடுனவதானே நீ என்றாள் தவமணி. ஓடல, டீ குடிக்கப் போனேன், திரும்பி வந்தேனா இல்லியா? வந்தா, வந்தா, பஜ்ஜியோட வந்தா. ரெண்டு பேரும் தோளில் இடித்துக்கொண்டார்கள். ஏகாம்பரத்துக்கு டீ கசந்தது. திரும்பி வந்தாள். பஜ்ஜியோடு வந்தாள். அது எவ்வளவு சின்ன விஷயம், அரைமணி நேர வேலை. அந்த எட்டுப் பேரை எதிர்க்கச் சொன்னேனா, கோடாலியைப் பிடுங்கச் சொன்னேனா, வண்டியைத் திருப்பிக்கொண்டு வரச் சொன்னேன், அதுகூட நான் சொல்லவில்லை, அவனேதான் சொன்னான்.

பிற்பாதியில் ஓட்டம்தான். திரையில் ஒல்லியும் தாடியும் ஓடினார்கள், ஓடும்போதே எதற்கு ஓடுகிறோம் என்று மறந்து நின்றார்கள், நினைவு வந்து மறுபடி ஓடினார்கள், தாடிக்காரன் ஒரு பள்ளத்தில் காலை விட்டு விழுந்தான், முட்டி திரும்பியது. ஏகாம்பரத்தின் கை தன்னையறியாமல் தன் முட்டியைப் பொத்திக்கொண்டது. ஒல்லி அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டுபோய் சாலைக்கு அடியில் ஒரு மதகுக்குள் உட்காரவைத்தான். அந்த மதகு. கல்லின் ஈரம், காய்ந்த சேறு, ஆட்டுப் புழுக்கை வாசனை, இதெல்லாம் திரையில் வராது, அவருக்கு வந்தது. ஒல்லி சொன்னான், இங்கியே இரு மச்சான், வண்டியோட வர்றேன். வார்த்தை மாறவில்லை. ஒரு எழுத்து மாறவில்லை. அப்படியென்றால் அவன் மறக்கவில்லை, இத்தனை வருஷமாக வார்த்தை வார்த்தையாக வைத்திருந்திருக்கிறான். சீட்டின் கைப்பிடியை அழுத்தியதில் அது கிறீச்சிட்டது. துளசிங்கம் அன்றைக்கு ஓடியதும், கொஞ்ச நேரத்தில் வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. ஏகாம்பரம் தன் வண்டியைச் சத்தத்திலேயே பார்க்கிறவர். முதல் கியர், ரெண்டாவது, இங்கே கொஞ்சம் திணறும், திணறியது, மூணாவது. இந்தப் பக்கம் திருப்ப அங்கே அகலம் போதாது, ஒரு பர்லாங் போனால் வளைவில் இடம் இருக்கிறது, அங்கே திருப்புவான் என்று நினைத்தார். வளைவு வந்திருக்கும். இப்போது ரிவர்ஸ் போடவேண்டும். நாலாவது கியர் விழுந்தது. நாலாவது போட்டவன் திரும்பப் போவதில்லை என்று கைக்கும் காலுக்கும் தெரிந்துவிட்டது, மனசுக்குத் தெரிய விடியற்காலை ஆனது. வந்தார்கள், காக்கிச் சட்டைகள் வந்தார்கள், அவர் சட்டையில் சந்தனத்தூள் இருந்தது, கடத்தல்காரன் என்று பிடித்தார்கள், கூட இருந்த லைட்மேன் வந்து சொன்னால் போதும், சினிமாக்காரன் என்று விட்டுவிடுவார்கள். ஏகாம்பரம் பயந்து வழியிலேயே இறங்கி ஊருக்குப் போய்விட்டான் என்று துளசிங்கம் யூனிட்டில் சொல்லியிருந்தான். இது பின்னால் தெரிந்தது. அதனால் யாரும் தேடவில்லை. ஜெயிலில் முட்டி கோணலாகவே காய்ந்தது. வெளியே வந்து ஒரு வண்டியில் ஏறி கிளட்சை மிதித்தார், கால் போகவில்லை. முப்பது வயதுகூட ஆகாதவன், வண்டியைவிட்டு இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தான். அன்றிலிருந்து ஒரு ஆஸ்பத்திரி சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்த வேலை. அடுத்தவன் வண்டி வரும், அடுத்தவன் வண்டி போகும்.

மதகுக்கு வெளியே கோடாலிகள் வந்து நின்றன. படத்தில்தான். தாடிக்காரன் உள்ளே மூச்சை அடக்கிக்கொண்டு, அடக்கியது போதாதென்று வாய்க்குள் ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டு, தியேட்டர் பாதி சிரித்து பாதி பயந்து. அப்போது தூரத்தில் ஒரு சத்தம். ஏகாம்பரத்துக்குப் பிடரி சிலிர்த்தது. மலைப்பாதையில் வெளிச்சம் வளைந்து வளைந்து இறங்கியது. வண்டி வந்தது. வெறும் வண்டியாக வரவில்லை, ஜெனரேட்டர் ஓட, கூரைமேல் கட்டிய அத்தனை லைட்டும் எரிய, காடே பற்றிக்கொண்ட மாதிரி வந்தது, ஒல்லி ஸ்டியரிங்மேல் குனிந்து கத்திக்கொண்டே வந்தான், மரங்களின் நிழல் எல்லாம் வரிசையாகச் சரிந்து ஓடியது, கோடாலிக்காரர்கள் கண்ணைப் பொத்திக்கொண்டு சிதறினார்கள். தியேட்டர் எழுந்து நின்றது. தவமணி அவர் கையைப் பிடித்து உலுக்கினாள், வந்துட்டான் பாருங்க ஐயா, வந்துட்டான். ஏகாம்பரத்தின் ரெண்டு கையும் ஒரு தடவை தட்டியிருந்தன. ஒரே ஒரு தடவை, அவரைக் கேட்காமல். அவர் கைகளைப் பார்த்தார். அதைவிடப் பயங்கரமான ஒன்று அப்போதுதான் உறைத்தது. இதை அவர் முன்பே பார்த்திருக்கிறார். மதகுக்குள் உட்கார்ந்து விடிகிறவரைக்கும் கண்ணைத் திறந்தும் மூடியும் இதைத்தான் பார்த்தார், வண்டி வரும், சும்மா வராது, எல்லா லைட்டையும் கூரையில் போட்டு எரியவிட்டுக்கொண்டு வரும், காடு பகலாகும் என்று. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. கஸ்தூரியிடம்கூடச் சொன்னதில்லை. அவனுக்கு எப்படித் தெரியும்? தெரிய ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. அவனும் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். நாலாவது கியரில் போய்க்கொண்டே பார்த்திருக்கிறான், பிறகு எங்கெங்கோ ரூம் எடுத்துத் தங்கி, கண்ணை மூடும்போதெல்லாம் அந்த வளைவில் வண்டியைத் திருப்பியிருக்கிறான், கூரையில் லைட்டைக் கட்டியிருக்கிறான், முப்பத்தாறு வருஷமாக வந்துகொண்டே இருந்திருக்கிறான். ஏகாம்பரத்தின் கண்ணில் நீர் கட்டியது. விட்டுவிடலாமா. இவ்வளவு வெளிச்சத்தோடு ஒருத்தன் மனசுக்குள்ளே வந்திருக்கிறான், அதை வந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாதா. திரையில் ஒல்லி தாடியைத் தூக்கி வண்டியில் போட்டான், இன்னாடா இவ்ளோ நேரம் என்றான் தாடி, டீ குடிக்கப் போனேன் என்றான் ஒல்லி. எல்லோரும் சிரித்தார்கள். ஏகாம்பரம் சிரிக்கவில்லை. கூடாது. மனசுக்குள் வந்தவன் மனசுக்குள் உட்கார்ந்திருந்தவனைத்தான் ஏற்றிக்கொண்டு போனான். மதகுக்குள் உட்கார்ந்திருந்தவனுக்கு முட்டி இருந்தது. இங்கே டிக்கெட் வாங்கிய அத்தனை பேருக்கும் அவன் திரும்பி வந்தான். எனக்கு வரவில்லை. கேட்கத்தான் வேண்டும். கேள்வி சின்னதாகிவிட்டது, ஏன்டா வரல, அவ்வளவுதான், குரல் உடைவதற்குள் முடிந்துவிடும்.

விளக்கு போட்டார்கள். படக்காரர்கள் பக்கத்துக் கதவு வழியாக மேடைக்கு வந்தார்கள். ஒல்லி, தாடி, எடுத்தவர். தாடிக்காரன் நிஜத்தில் தாடி இல்லாமல் குழந்தை மாதிரி இருந்தான். துளசிங்கம் இல்லை. ஏகாம்பரம் கைப்பிடியில் ஊன்றி எழுந்தார், ஒரு காலை இழுத்து நடந்தார், கூட்டம் செல்போனைத் தூக்கிக்கொண்டு முன்னால் நெருக்கியது. டிக்கெட் கிழிக்கிற ஆள் ஓரமாகக் கையை விரித்து ஜனத்தைத் தடுத்துக்கொண்டிருந்தான். தம்பி, கதை எழுதுனவர் வரலியா? வந்திருக்காரு பெருசு, கார்ல இருக்காரு, கூட்டம் ஒத்துக்காதாம். அவர்கிட்ட போய் ஏகாம்பரம் வந்திருக்கான்னு சொல்லு, ஜெனரேட்டர் ஏகாம்பரம்னு சொல்லு. அவன் ஏற இறங்கப் பார்த்தான், அவர் முகத்தில் என்ன கண்டானோ, போனான். ஏகாம்பரம் சுவரில் சாய்ந்து நின்றார். மேடையில் ஒல்லி மைக்கில் சொன்னான், மூஞ்சியக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க. மறுபடி சிரிப்பு. அந்த ஆள் திரும்பி வந்தான், வேகமாகப் போனவன் மெதுவாக வந்தான். சொன்னேன் பெருசு. பேரக் கேட்டதும் தொப்பியக் கழட்டிட்டு மறுபடி போட்டுக்கினாரு. அப்புறம், அங்கியே இருக்கச் சொல்லு, வர்றேன்னாரு.

ஏகாம்பரம் அந்த வார்த்தையைக் காதுக்குள் ஒரு சுற்று சுற்றவிட்டார். பக்கத்துக் கதவுக்கு வெளியே ஒரு வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. புது வண்டி, சத்தம் இல்லாத வண்டி, இருந்தாலும் வண்டிதானே. முதல் கியர். ரெண்டாவது. மூணாவதுக்கு அவர் காத்திருக்கவில்லை. காலை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது வெள்ளைக் கார் கேட்டைத் தாண்டித் திரும்பிக்கொண்டிருந்தது, பின்கண்ணாடி வழியாக முன்சீட்டில் சிவப்புத் தொப்பி. மகளின் செல்போனில் அவன் பேசியதைப் பார்த்தபோதும் இதே தொப்பிதான். ஆட்டோவில் ஏறப்போன தவமணி நின்றாள். இன்னாங்க ஐயா, மூஞ்சி இப்டி இருக்கு. அந்த வெள்ள வண்டி எங்கம்மா போவும்? அவுங்களா, அடுத்து ரெட்ஹில்ஸ் தியேட்டர்னு சொன்னாங்க, ஏன்? இந்தக் கதையை யாரிடமும் அவருக்குச் சொல்லத் தெரியாது, எங்கே ஆரம்பித்தாலும் நீளும். அந்தத் தாடிக்காரன் நான்தாம்மா என்றார். அவன் திரும்பி வரல. ரெண்டு பெண்களும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். நசீரா அவர் முட்டியைப் பார்த்தாள், நேரே படத்திலிருந்து இறங்கி வந்தது மாதிரி நின்ற அந்தக் காலை. தள்ளி உக்காரு நசீரா என்றாள் தவமணி. ஐயா, ஏறுங்க.

மூலக்கடை சிக்னலில் சிவப்பு விழுந்து கார் நின்றது. ஆட்டோ பஸ்ஸுக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்து, நசீரா லாரிக்காரன் ஒருத்தனைத் திட்டி வழி வாங்கி, காருக்கு நேர் பின்னால் வந்து நின்றது. வெயில் சாய்ந்திருந்தது, இன்னும் இருட்டவில்லை. கருப்புக் கண்ணாடிக்குள் தொப்பி தெரிந்தது, கழுத்து கொஞ்சம் சாய்ந்து, இருபத்தெட்டு வயதில் சாய்ந்த அதே பக்கம். பத்தடி தூரம். இறங்கி நடக்க பத்தடி, அந்த முட்டிக்கு அது ஒரு பர்லாங். லைட்டப் போடும்மா என்றார் ஏகாம்பரம். பகல்லயா? போடு. தவமணி போட்டாள். பெரிய வெளிச்சத்தையும் போட்டாள். வெளிச்சம் போய் கண்ணாடியில் விழுந்தது. ஏகாம்பரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து சொன்னார், கத்தவில்லை, லைட்டுக்குப் பக்கத்தில் நின்று அன்றைக்குச் சொன்ன குரலில், அண்ணே, மூஞ்சியக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க. கேட்டிருக்காது. ஆனால் தொப்பி அசைந்தது. திரும்பவில்லை, மெல்லக் கீழே இறங்கியது, சீட்டுக்குள் தாழ்ந்து, சிவப்பாக ஒரு விளிம்பு மட்டும் மிச்சம் இருந்தது. பச்சை விழுந்தது. கார் நகர்ந்தது. அவனுக்கு முதுகெல்லாம் வெளிச்சம். பின்னால வர்றோம்னு அவனுக்குத் தெரியும், ஓட்டும்மா, லைட்ட மட்டும் அணைக்காத என்றார் ஏகாம்பரம்.